ஒரே ஒரு பூ உள்ள தாள்

2 ஜூன், திங்கள்

அடுப்படிக் குழாய் இன்றும் சொட்டுகிறது. வாஷர் மாற்ற வருகிறேன் என்றவர் மூன்று நாளாக வந்துகொண்டே இருக்கிறார். அடியில் வாளி வைத்திருக்கிறேன். அது நிறைந்தால் ஊற்ற ஆள் வேண்டும். வீட்டில் ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார், ஆனால் இலைக்கு அடியில் உள்ள மயிர் தெரியும் அவர் கண்ணுக்கு வாளி தெரியாது.

கல்லூரியில் மழைக்கு முந்தைய வேலை. நான் காப்பாளராக இருக்கும் இடத்துக்கு உலர்தாவரக் காப்பகம் என்று பெயர். மலையிலிருந்து வரும் செடிகளை அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, பறித்த இடம், தேதி, பறித்தவர் பெயர் எழுதி, இரும்பு அலமாரிகளில் அடுக்கியிருக்கிறோம். முப்பத்திரண்டாயிரம் தாள்கள். ஊரில் இதைச் சருகாபீஸ் என்பார்கள். கேலிதான், ஆனால் தப்பில்லாத பெயர்.

மதியம் ஜெபமலர் வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். நம் மலையில் உள்ள காசித்தும்பை வகைகள் எல்லாவற்றையும் புதிதாகச் சரிபார்த்து எழுதுகிறாள். சிவப்பு உறை ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றாள். எது என்று சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

சிவப்பு உறை என்றால் என்ன என்று எழுதிவைக்கிறேன், பின்னால் யாராவது இந்த நோட்டைப் படித்தால் விளங்கட்டும். புதிதாக ஒரு செடி இனத்தைக் கண்டு பெயர் வைத்தால், அந்தப் பெயர் ஏதாவது ஒரு தாளின்மேல் நிற்க வேண்டும். அதுதான் எங்கள் தொழிலின் சட்டம். அந்தத் தாளை டைப் ஷீட் என்போம், சிவப்பு உறையில் தனியாக வைப்போம். மலை முழுக்க அந்தச் செடி பூத்துக் கிடந்தாலும், எது அந்த இனம் என்று சந்தேகம் வந்தால் இந்த ஒரு சருகைத்தான் கேட்க வேண்டும். எங்களிடம் பதினான்கு சிவப்பு உறைகள் உள்ளன. ஒன்பதாவது என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தது. இம்பேஷன்ஸ் கோமதியே, அதாவது லத்தீனில் கோமதியின் காசித்தும்பை.

அலமாரிச் சாவி வீட்டில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

3 ஜூன், செவ்வாய்

ஜெபமலர் வந்துபோனதைச் சாப்பிடும்போது சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எனக்கும் போன் பண்ணிச்சு அந்தப் புள்ள" என்றார்.

"என்ன சொன்னிய?"

"உன்ட்ட கேக்கச் சொன்னேன். தாளு உன் பொறுப்புல்லா."

பிறகு எழுந்து போய் வாளித் தண்ணீரை அவரே ஊற்றிவிட்டு வந்தார். கல்யாணம் ஆகி இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. மனிதருக்கு என்னவோ சரியில்லை.

5 ஜூன், வியாழன்

வாஷர் மாற்றியாயிற்று. இன்னும் சொட்டுகிறது.

8 ஜூன், ஞாயிறு

சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய் பொறுக்கும்போது ஒன்றில் ஓட்டை இருந்தது. கடைக்காரம்மா அதை வாங்கிப் பின்னால் போட்டுவிட்டு வேறொன்றை வைத்தாள். எனக்கும் வருத்தமில்லை, அவளுக்கும் இல்லை. கத்தரிக்காயில் எனக்கு வேண்டியது கத்தரிக்காய். இந்தக் கத்தரிக்காய், அந்தக் கத்தரிக்காய் என்று இல்லை.

என் தொழிலும் அப்படித்தான். ஒரு செடிக்கு எங்களிடம் என்ன மதிப்பு? அந்த இனம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறதே, அதுதான். இனத்தைக் காட்டாத செடியை வைத்துக்கொள்ள அலமாரியில் இடம் கிடையாது. முப்பது வருஷமாக இதைத்தான் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஆனால் எங்கள் மகள் கோமு போன மூன்றாவது மாதம் மதினி வந்திருந்தாள், இவருடைய அக்கா. என் கையைப் பிடித்துக்கொண்டு, "முப்பத்தாறு வயசுதான ஆவுது ஒனக்கு. இன்னொண்ணு பெத்துக்கோ வடிவு, எல்லாம் சரியாப் போவும்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அவளுக்கு முன்பும் பின்பும் பத்துப் பேர் அதையே சொன்னார்கள். ஓட்டை விழுந்ததைப் பின்னால் போட்டுவிட்டு வேறொன்றை வைக்கச் சொன்னார்கள். எனக்கு வேண்டியது குழந்தை என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்கு வேண்டியது அவள்.

நான் மாட்டேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்துபோயிற்று.

கோமதி எங்கள் ஒரே மகள். நான்காம் வகுப்பு. 2006 நவம்பரில் நாலு நாள் மூளைக்காய்ச்சல். ஒன்பது வயது. அந்த ஆகஸ்டில் அவர் மலையில் மூங்கிலோடைப் பக்கம் பறித்துவந்த செடியைத்தான் அடுத்த வருஷம் புது இனம் என்று எழுதி அவள் பெயரை வைத்தார். அதன் பூவுக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு குழல் நீண்டு வளைந்திருக்கும். மற்ற எல்லாம் சாதாரணக் காசித்தும்பைதான். அந்த வால் ஒன்றுதான் வித்தியாசம்.

9 ஜூன், திங்கள்

ஜெபமலர் மறுபடி வந்தாள். இந்தத் தடவை சாவி இல்லை என்று சொல்ல முடியவில்லை. உறையைத் திறந்து காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து, மூச்சுப் படாமல் பார்த்தாள். நல்ல வேலைக்காரி. நல்ல வேலைக்காரியாக இல்லாமல் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மேடம், மூணு வருசம் ஆகஸ்ட்ல அதே ஓடைக்குப் போனேன். இதே மாதிரி நானூறு செடி பாத்திருப்பேன். ஒண்ணுல கூட வால் நீளமா இல்ல. இலைய டெஸ்டுக்கு அனுப்பினேன், எல்லாம் சாதாரண இனம்தான். இந்த ஒரு பூவ நனைச்சுப் பாத்தா முடிஞ்சுரும்."

காய்ந்த பூவை வெந்நீரில் போட்டால் அது விரிந்து பழைய உருவத்துக்கு வரும். உள்ளே உள்ளதை எல்லாம் பார்க்கலாம். எல்லோரும் செய்வதுதான். ஆனால் இந்தத் தாளில் பூ ஒன்றே ஒன்று.

"2011-லயும் ஒருத்தர் கேட்டிருக்காங்க. அப்புறம் 16-ல, 19-ல. மூணு தடவையும் நீங்க மறுத்திருக்கீங்க. ரிஜிஸ்டர்ல பாத்தேன்."

"ஒரே பூம்மா. வீணாப் போயிட்டா என்ன செய்ய?"

"அது சரிதான் மேடம்" என்றாள். ஆனால் போகவில்லை. மாதக் கடைசிக்குள் அவள் கட்டுரையை அனுப்ப வேண்டும். கடைசியில், நானே நனைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நான்காவது தடவையும் மறுத்தால் காரணம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

11 ஜூன், புதன்

அவருடைய முட்டிக்குத் தைலம் தேய்த்தேன். "ஆகஸ்ட்ல மலைக்குப் போவணும், ஃபாரஸ்ட் ஜீப்புக்குச் சொல்லணும்" என்றார். மாடிப்படி ஏற முடியவில்லை, மலை ஏறப் போகிறாராம். பதினெட்டு வருஷமாக ஆகஸ்ட் வந்தால் புளியோதரை கட்டிக்கொண்டு ஓடைக்குப் போவார். பொழுது சாயத் திரும்பி வந்து, "இந்த வருசமும் அந்தப் பூ தட்டுப்படல" என்பார். நானும் டிபன் பாக்ஸைக் கழுவி வைப்பேன். அது எங்கள் வீட்டுத் திவசம் மாதிரி.

நாளைக்கு நனைக்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

12 ஜூன், வியாழன்

எட்டு மணிக்கே போய்விட்டேன். அறையில் யாரும் இல்லை. வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, பூவை இடுக்கியால் எடுத்து இறக்கினேன். 

ஐந்து நிமிஷத்தில் பூ விரிய ஆரம்பித்தது. பத்தொன்பது வருஷமாகப் பழுப்பாகத் தட்டையாகக் கிடந்தது, மெல்ல உப்பி, இதழைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. நான் எத்தனையோ பூவை இப்படிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இன்றைக்கு அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

பிறகு வால் கழன்றது.

இழுக்கவில்லை, தொடவுமில்லை. தானாக விலகி, கிண்ணத்தின் ஓரத்துக்குப் போய் நின்றது. பூவின் பின்னால் அதற்கு உரிய குழலின் ஒடிந்த அடி குட்டையாக இருந்தது. விலகிய வால் வேறொரு செடியுடையது. அதே ஓடையில் பாறை ஓரம் வளரும் இன்னொரு இனம், நீண்ட வால்காரி. இரண்டும் சேர்ந்திருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பிசுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பூஞ்சை என்று நினைத்தேன். லென்ஸில் பார்த்தால் பூஞ்சை இல்லை. எங்கள் பசையும் இல்லை, எங்கள் பசையில் மாவுப்பொருளே சேர்க்க மாட்டோம், பூச்சி வந்துவிடும். மாவுப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு துளி அயோடின் விட்டேன். நீலமாகி, கறுப்பானது.

சோறு. ஒரு சோற்றுப் பருக்கை. தட்டி நசுக்கியிருந்தாலும் ஒரு முனை இன்னும் பருக்கை வடிவத்தில் இருந்தது.

2006-இல் கல்லூரிக் கட்டடத்தில் மராமத்து நடந்தது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பி ஒட்டினார்கள், அப்பாவும் மகளுமாக. மத்தியானம் அவள் தட்டோடு வந்து அங்கேயே உட்கார்ந்தாள். செடிமேல் சோறு சிந்தாதே என்று நான் அடுப்படியிலிருந்து கத்தினேன். அன்றைக்கு என்ன குழம்பு என்று நினைவில்லை. சோறு நான் வடித்ததுதான்.

கிண்ணத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். ஒன்பதரைக்கு மாணவிகள் வந்தார்கள். அவர்களுக்கு லேபிள் எழுதச் சொல்லிக் கொடுத்தேன்.

13 ஜூன், வெள்ளி

லீவு. தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன்.

14 ஜூன், சனி

ஒடிந்தது எதையும் அவள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். உடைந்த வளையல், தலை போன பொம்மை, காக்காய் இறகு, எல்லாவற்றுக்கும் அவளிடம் வைத்தியம் ஒன்றுதான், சோற்றுப் பருக்கை. வரலாற்று நோட்டில் படம் ஒட்டுவதும் அதில்தான். பையில் எறும்பு வந்து, ஒரு நாள் முதுகில் இரண்டு அடி வைத்தேன். அந்த இரண்டு அடியை நான் மறந்ததில்லை.

பூவின் வால் ஒடிந்திருந்திருக்கும். கீழே கிடந்த ஏதோ ஒரு வாலை எடுத்து வைத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

வாலும் பூவும் இப்போது தனித்தனியாகக் காய்ந்து, தாளின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பொட்டலத்துக்குள் இருக்கின்றன. என்னிடம் நல்ல பசை இருக்கிறது. ஊசிமுனையில் தொட்டு மறுபடி ஒட்டினால் அரை மணி நேர வேலை. பூ நொறுங்கும் நிலையில் இருக்கிறது, நனைக்க முடியாது என்று ஜெபமலருக்குச் சொல்லிவிடலாம். நான் சொன்னால் நம்புவாள். முப்பது வருஷத்தில் நான் பொய் எழுதினதில்லை என்பதுதான் நம்பிக்கைக்குக் காரணம்.

ஒட்டாவிட்டால் கோமதி என்று ஒரு இனம் இல்லை. இதுதான் விஷயம். அவர் பதினெட்டு வருஷமாகத் தேடும் பூ மலையில் எங்கேயும் கிடையாது. அதை அவரிடம் நான் எப்படிச் சொல்ல? பெற்றவளை விட அவர்தான் அவளைப் புதைக்காமல் வைத்திருந்தவர்.

17 ஜூன், செவ்வாய்

ஜெபமலர் கேட்டாள். இன்னும் நனைக்கவில்லை என்றேன்.

மின்சாரம் போயிருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்தோம். இந்தக் கட்டுரையால் எத்தனை இனம் குறையும் என்று கேட்டேன். ஏழு என்றாள். வருத்தமாக இல்லையா என்றேன்.

"செடி எதுவும் குறையாது மேடம். ஓடையில இருக்கது அங்கயேதான் இருக்கும். நாம போட்ட கோடுதான் அழியுது." பிறகு கொஞ்சம் யோசித்தாள். "ஆனா சில சமயம் தோணும். இனம்னு ஒண்ணு நெசமாவே வெளிய இருக்கா, இல்ல நமக்கு எது முக்கியமோ அத வச்சுப் பிரிக்கோமான்னு. எங்க அம்மைக்கு ஆட்டுக்குப் போடுற தழை, போடக்கூடாத தழை, ரெண்டே இனம்தான். அதுவும் பொய்யில்லையே."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. அவளுடைய அம்மாவுக்குத் தழை முக்கியம். எனக்கும் இவளுக்கும் இலையின் விளிம்பு முக்கியம். எது முக்கியமோ அதுதான் உலகத்தில் ஒன்றாக எழுந்து நிற்கிறது, மற்றதெல்லாம் பச்சையாக ஒரே குவியலாகக் கிடக்கிறது. சரி, அப்படியானால் யாருக்கோ ஒன்றே ஒன்று மட்டும் முக்கியமாக இருந்தால்? அது ஒரே ஆள் உள்ள இனம் ஆகுமா? இதை அவளிடம் கேட்கவில்லை. டீ கிளாஸைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

18 ஜூன், புதன்

நேற்று பொய் சொன்னேன். பதிவேட்டில் எழுத முடியாது, இங்கே எழுதுகிறேன்.

22 ஜூன், ஞாயிறு

கை தானாக எழுதுகிறது, வரிசையாக வருமா என்று தெரியவில்லை.

காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் எதிரில் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கீரையில் ஒரு பிடி எடுத்து ஆய ஆரம்பித்தார். அவர் கீரை ஆய்ந்தால் தண்டும் இலையும் ஒன்றாகிவிடும், வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பூவ நனைச்சுட்டியா?" என்றார்.

நான் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தேன்.

"பத்து நாளா நீ என் மூஞ்சியப் பாக்கல வடிவு. நனைச்சிருப்ப. வாலு கழண்டு வந்துட்டா?"

கீரை என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். சோத்துக் கையோட வந்து சொன்னா. 'அப்பா, இதுக்கு வாலு ஒடிஞ்சிட்டு, பாவமா இருந்துச்சு, நான் வச்சு வுட்டுட்டேன்'ன்னா. சரிட்டி, பொறவு பிச்சுருவோம்னு சொன்னேன். பொறவு மறந்துட்டேன். நவம்பர்ல அவ போயிட்டா. சனவரியில அந்தத் தாள எடுத்தேன், பிய்க்கதுக்குத்தான் எடுத்தேன்."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை, டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"பிய்க்க முடியல. அப்படி ஒரு பூ வேற எங்கயும் கிடையாது, அவ பண்ணுனது. ஒலகத்துல இல்லாத ஒண்ணு இருக்குன்னா அது புது இனம்தானன்னு தோணிட்டு. புத்தி கெட்டுப்போயி எழுதுனேன்னு வையி. நீ இன்னொரு புள்ள வேண்டாம்னுட்ட. அது ஒன் இஷ்டம், நான் குத்தஞ் சொல்லல. ஆனா எனக்கு அவ பேரு எங்கயாவது வருசா வருசம் பூக்கணும்னு இருந்துச்சு."

நான் மாட்டேன் என்று சொன்ன அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று சில நாளைக்கு முன்னால்தான் இந்த நோட்டில் எழுதினேன். ஒன்றும் சொல்லாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பதினெட்டு வருஷம் அப்படியே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அவள் ஒருத்திதான் வேண்டும் என்று நான் உட்கார்ந்துவிட்டேன், அவர் போய் ஒரு இனத்தையே பெற்றுக்கொண்டு வந்திருக்கிறார்.

"எல்லாம் பொய்யின்னு தெரிஞ்சும் எதுக்கு வருசா வருசம் மலைக்குப் போனிய?"

"ஒண்ணாவது இருந்துராதான்னுதான். நெசமாவே ஒரு செடி, நீள வாலோட. ஒண்ணே ஒண்ணு தட்டுப்பட்டாப் போதும், நான் எழுதுனது பொய்யில்லன்னு ஆயிரும்லா."

அப்போதுதான் நான் அழுதேன். அவர் என்னைப் பார்த்து, "ஒனக்கு மட்டும் தெரியாதாக்கும்" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். "ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல அந்த ஆளு கேக்கும்போது ஏன் முடியாதுன்ன?"

குக்கர் விசில் வந்தது. போய் அடுப்பை அணைத்தேன்.

23 ஜூன், திங்கள்

பூவும் வாலும் சேர்ந்த அந்த மூட்டில் ஒரு மினுக்கம் உண்டு. 2011-இல் லென்ஸ் வைத்துப் பார்த்து 'வார்னிஷ்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் காப்பகத்தில் வார்னிஷ் பயன்படுத்துவதே இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

25 ஜூன், புதன்

குழாய்க்கு வேறு ஆள் வந்தார். வாஷர் கோளாறே இல்லை, உள்ளே மரை தேய்ந்திருக்கிறது என்று முழுக் குழாயையும் மாற்றிவிட்டார். புதுக் குழாய் நன்றாகத்தான் இருக்கிறது. சொட்டும் சத்தம் இல்லாமல் அடுப்படி எப்படியோ இருக்கிறது.

அவரிடம் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். மறுபடி ஒட்டட்டுமா என்றும் கேட்டேன். கேட்கும்போது எனக்கு வெட்கமாக இல்லை.

"நீ ஒட்டுனா அது அவ ஒட்டுனது இல்லையே" என்றார். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

27 ஜூன், வெள்ளி

ஜெபமலரை வரச் சொன்னேன். பொட்டலத்தைப் பிரித்து, பூவையும் வாலையும் நீலம் பாய்ந்த அந்தப் பருக்கையையும் காட்டினேன். யார் ஒட்டியது என்று சொன்னேன். முதலில் அவள் ஆராய்ச்சிக்காரியாகத்தான் பார்த்தாள், குனிந்து, லென்ஸோடு. பிறகு லென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான் பன்னிரண்டாம் தேதியே பாத்துட்டேன். ஒங்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

"பரவால்ல மேடம்."

"பரவால்லன்னு சொல்லாத. பொய் பொய்தான்."

கட்டுரையில் இரண்டு செடி கலந்த தாள் என்று மட்டும் எழுதிவிடுகிறேன், சார் பெயருக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவர் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தை நீட்டினேன். ஒரே வரி. ஒட்டியது என்று தெரிந்தே விவரித்தேன், தவறு முழுவதும் என்னுடையது, ச. ஆவுடையப்பன். அவள் அதைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். போகும்போது வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "இனி இந்தத் தாள சிவப்பு உறையில வைக்கலாமா மேடம்?" என்று கேட்டாள்.

சட்டப்படி வைக்கத்தான் வேண்டும். கெட்டுப்போனாலும் பெயர் பெயர்தான். ஒருமுறை அச்சான பெயரை எங்கள் தொழிலில் யாரும் அழிப்பதில்லை, இன்னொரு பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதுவார்கள். கோமதி இனி அந்தச் சின்ன எழுத்தில் இருப்பாள். ஆனால் ஜெபமலர் கேட்டது சட்டம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எந்த இனத்தையும் காட்டாத சருகுக்கு அலமாரியில் இடம் உண்டா என்று கேட்டாள். இடம் கிடையாது என்று முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்தவள் நான்.

"வைக்கலாம்" என்றேன்.

28 ஜூன், சனி

மழை. துணி காயவில்லை.

30 ஜூன், திங்கள்

அவரைக் கல்லூரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். மாடிப்படி ஏற இருபது நிமிஷம் ஆயிற்று. ஜெபமலர் ஒரு பக்கம் கை கொடுத்தாள்.

ஒரு செடியை யாராவது மறுபடி பார்த்து வேறு முடிவுக்கு வந்தால், பழைய லேபிளைக் கிழிக்கக் கூடாது. அதற்குக் கீழே தன் முடிவைச் சின்னச் சீட்டில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு ஒட்ட வேண்டும். சில தாள்களில் நூறு வருஷத்துச் சீட்டுகள் வரிசையாக இருக்கும், ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுத்துக்கொண்டு. நான் அவருடைய லேபிளுக்குக் கீழே ஒட்ட வேண்டிய சீட்டை எழுதினேன்.

செடி: சாதாரணக் காசித்தும்பை. புது இனம் அல்ல.
வால்: வேறு செடியுடையது.
ஒட்டியவர்: ஆ. கோமதி, நான்காம் வகுப்பு.
பசை: சோறு.
தீர்மானித்தவர்: சங்கரவடிவு ஆவுடையப்பன், 30.6.2025.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு திருத்தமும் சொல்லவில்லை. மாணவர்களின் எழுத்தில் கமா தப்பினால் கூட விடாத மனிதர்.

நான் பசைப் பாட்டிலை எடுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, என் பையிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்தார். மத்தியானத்துக்குத் தயிர் ஊற்றுவதற்காக வெறும் சோறு வைத்திருந்தேன். ஒரு பருக்கையை எடுத்து, சீட்டின் பின்னால் வைத்து, கட்டைவிரலால் நசுக்கித் தேய்த்தார்.

"பூச்சி வருமே" என்றேன்.

"வரும்" என்றார். தாளில் வைத்து அழுத்தினார். விரலை எடுக்கவே இல்லை. ஜெபமலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் என் விரலை அவர் விரலுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினேன், மூலை எழும்பிவிடக் கூடாது என்று.

பிறகு சிவப்பு உறையில் போட்டு, ஒன்பதாவது இடத்தில் வைத்துப் பூட்டினேன். காப்பகப் பதிவேட்டில் அந்தத் தாளுக்கு நேராக இப்படி எழுதினேன்: சோறு உள்ளது, பூச்சிக்கு ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்க்கவும், ஆகஸ்டில்.